தப்பாக வாசிக்கத் தெரிந்தவர்

வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவருக்கு ஊரில் பாதிப் பேர் வீட்டுக் குளியலறை அத்துப்படி. யார் வீட்டில் அழுக்குத் துணி மலையாகக் கிடக்கிறது, யார் சட்டைப் பையில் சில்லறையோடு துணியைப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியே மூச்சு விட மாட்டார். ஆனால் இந்த மனுஷரைப் பற்றிச் சொல்வதென்றால் மெஷினிலிருந்து ஆரம்பிப்பது நியாயமில்லை. கை மெஷினில் இருந்தாலும் மனசு எப்போதும் பேஸ் கிடாரில்தான் இருந்தது.

பேஸ் கிடார் ஒரு பாவப்பட்ட வாத்தியம். தடித்தடியாக நாலு கம்பி, அடித் தொண்டைக் குரல். பாட்டில் அது இருக்கிற வரை யாரும் கவனிப்பதில்லை, நின்று போனால்தான் ‘என்னமோ குறையுதே’ என்று திரும்பிப் பார்ப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு ஹோட்டலில் நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் குழுவில் அவர் அதைத்தான் வாசித்தார். குழுவில் அவருக்குக் கட்டை என்று பெயர். குள்ளமானவர் என்பதால் அந்தப் பெயரை அவர் அதிகம் துருவிப் பார்க்கவில்லை.

அவருக்குப் பிடித்தது ஒரே ஒரு மாடல். பேஸ் கிடார் என்றதும் எல்லாருக்கும் கண் முன் வருகிற பழைய மாடல் அது. அந்தக் காலத்து அசல் ஒன்றை வாங்குகிற காசில் ஒரு சின்ன கார் வாங்கிவிடலாம். அதனால் அவர் அசல் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. அவர் தேடியது பழைய நகல்களை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கெங்கோ இருந்த சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் அந்த மாடலை அச்சு அசலாகப் பார்த்துச் செய்து, கால் விலைக்கு விற்றன. சிலது வெறும் விறகு. சிலதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. அதைப் பிரித்தறிவதில் அவர் கில்லாடி.

வீட்டில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இந்த நகல்கள் வரிசையாக நின்றன. அலமாரிக் கதவு பாதிக்கு மேல் திறக்காது. மனைவி கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவி, கிடைத்ததை எடுத்து உடுத்திக்கொண்டு வேலைக்குப் போவாள். மருந்துக் கடையில் வேலை. இருபது பேர் நிற்கிற வரிசையைப் பார்த்து முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் “ஸ்டாக் இல்லை” என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள். அந்த முகம்தான் இவர்கள் வியாபாரத்துக்கு முதலீடு.

வியாபாரம் என்றால், கிடார் வாங்கப் போகும்போது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போடுகிற நாடகம். நன்றாக வாசித்துக் காட்டினால் விற்கிறவன் உஷாராகி விலையை ஏற்றிவிடுவான் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அதனால் ஒன்றும் தெரியாதவர் மாதிரி போவார். கிடாரைத் துடைப்பம் பிடிப்பது போலப் பிடிப்பார். “ஏங்க, நாலு கம்பிதான் இருக்கு. மீதி ரெண்டு அறுந்துடுச்சா?” என்பார். விற்கிறவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிடுவாள்.

“ரெண்டு கம்பி இல்லாததுக்கா இந்த விலை? இதை வாங்கி நீங்க என்ன பண்ணப் போறீங்க? துணி காயப் போடவா?”

அப்புறம் அவர் உட்கார்ந்து வாசிப்பார். கேட்கிறவன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு வாசிப்பு. “போதும், எந்திரிங்க. மானம் போகுது” என்று அவள் அதட்டுவாள். இந்த ஆளுக்கு இப்படி ஒரு மனைவியா என்று விற்கிறவனுக்கே பரிதாபம் வந்து, விலை தானாக இறங்கும். திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் வேனில் சிரித்துக்கொண்டே வருவார்கள்.

அப்படியிருக்கையில் ஒருநாள், அவர் வருஷக்கணக்கில் கண் பூத்துப்போய்த் தேடிய நகல் விற்பனைக்கு வந்தது. கழுத்தில் கட்டம் கட்டமாகச் சிப்பி பதித்தது. அதைச் செய்த தொழிற்சாலை கொஞ்ச காலம்தான் ஓடியது, பிறகு இழுத்து மூடிவிட்டார்கள். போனில் படத்தைப் பார்த்தவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“இது கிடைக்கலைன்னா இன்னொண்ணு என் ஆயுசுக்குக் கிடைக்காது” என்றார்.

“கிடைக்கும். மூஞ்சியை மட்டும் மாத்துங்க. இந்த மூஞ்சியோட போனா ரெட்டை விலை சொல்லுவான்” என்றாள்.

மூன்றாவது மாடி வீடு. விற்கிறவரின் தங்கை கதவைத் திறந்தாள். வங்கி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறாள் போல, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. கிடார் அவளுடைய அண்ணனுடையது. கப்பல்களில் வாசித்துப் பிழைத்தவர், இப்போது இடது கை விரல்கள் மடங்குவதில்லை. பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வாசிச்சுப் பாருங்க. அண்ணா அங்கிருந்தே கேட்டுக்குவார்” என்றாள் தங்கை.

பெட்டியைத் திறந்ததும் மெக்கானிக்கின் கண் சிப்பிக் கட்டங்களை விட்டு நகரவில்லை. ஆனாலும் தொழில் தொழில்தானே. துடைப்பப் பிடி பிடித்தார். கம்பிக் கேள்வியைக் கேட்டார். மனைவி துணி காயப் போடுகிற வசனத்தை எடுத்துவிட்டாள். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அந்த அருமையான கிடாரில் காதால் கேட்க முடியாத அபஸ்வரமெல்லாம் வாசித்தார். “எந்திரிங்க, மானம் போகுது” என்றாள் அவள், சரியான இடத்தில்.

பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது.

“பெட்டியில வச்சிடச் சொல்லும்மா. இவருக்குக் குடுக்கிறதா இல்லை.”

“விலை வேணும்னா சொல்லுங்க சார், பாத்துக்கலாம்” என்றாள் மனைவி, கொஞ்சம் பதறி.

“விலையைப் பத்தி நான் பேசவே இல்லையே. இவருக்குத் தர மாட்டேன், அவ்வளவுதான்.”

புருஷனின் முகம் தொங்கிப்போனதை அவள் பார்த்தாள். வாசிக்கத் தெரியாதவர் என்றுதானே பால்கனிக்காரர் தர மறுக்கிறார் என்று நினைத்தாள். மருந்துக் கடை முகம் எங்கேயோ கழன்று விழுந்தது.

“சார், இவர் நல்லா வாசிப்பார். விலை குறையணும்னு வேணும்னே தப்பா வாசிச்சார். நான் திட்டினதும் அதுக்குத்தான், ரெண்டு பேரும் கூட்டு. நிஜமாவே நல்லா வாசிப்பார் சார். சமையல்கட்டுல நிக்கிறப்ப உள்ளே இருந்து கேக்கும். கையில இருக்கிற வேலையை அப்படியே விட்டுட்டு நிப்பேன். இவருக்கே தெரியாது.”

உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் அவர் கேட்டது “சத்தத்தைக் குறைங்க” ஒன்றுதான். அவர் கிடாரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் கம்பியைத் துடைத்தார்.

பால்கனிக்காரர் எழுந்து உள்ளே வந்தார்.

“நல்லா வாசிப்பார்னு எனக்குத் தெரியும்மா. சுருதியெல்லாம் கண்டபடி தப்பா அடிச்சார். ஆனா ஒவ்வொரு தப்பும் தாளத்துல கரெக்டா விழுந்துது. தெரியாதவனால அப்படித் தப்புப் பண்ண முடியாது. நிஜமாவே தெரியாதவன் வந்திருந்தா குடுத்திருப்பேன், கத்துக்கிட்டுப் போறான். தெரிஞ்சவர் வந்து, என் கிடாரை என் வீட்டுலயே வச்சுக் கேவலப்படுத்தினா எப்படிக் குடுக்கிறது?”

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. இத்தனை வீடுகளில் இத்தனை பேர் ஆசையாக வைத்திருந்த சாமானை மட்டம் தட்டித்தான் வாங்கியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

“தப்புதான் சார். மன்னிச்சுக்குங்க” என்றார். கிடாரைப் பெட்டியில் வைக்கக் குனிந்தார்.

“இருங்க. ஒழுங்கா ஒரு தடவை வாசிங்க, கேக்கறேன்.”

உட்கார்ந்தார். ஹோட்டலில் தூக்கத்தில்கூட வாசிக்கிற ஒன்றை எடுத்தார். சுருதி சுத்தமாக இருந்தது. ஆனால் சமையல்கட்டில் வேலையை விட்டுவிட்டு நிற்கிற ஒருத்தி மனசுக்குள் வந்து நின்றாள், தாளம் தவறியது. நிறுத்தினார். மறுபடி எடுத்தார், மறுபடி தவறியது. விற்கிறவர் சிரித்தே விட்டார்.

“இப்பதான் நடிக்காம வாசிக்கிறீங்க” என்றார். “நிதானமா வாசிங்க. யாரும் ஓடிப் போகலை.”

மூன்றாவது தடவை வாசித்தார். அறை முழுக்க அந்த அடிக் குரல் நிறைந்தது. தங்கை கழுத்து அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். விற்கிறவரின் இடது கை விரல்கள் மடங்காமலே தொடையில் ஒவ்வொரு இடமாக நகர்ந்தன. வாசித்து முடித்ததும் விற்கிறவர், விளம்பரத்தில் போட்டிருந்த விலையையே சொன்னார். மனைவி பழக்க தோஷத்தில் வாயைத் திறந்து, பேசாமல் மூடிக்கொண்டாள். இருவரும் பையில் இருந்ததையெல்லாம் துடைத்தெடுத்துக் கொடுத்தார்கள்.

வேனில் அவள் பெட்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை சிரிப்பில்லை. நாலு தெரு தாண்டிய பிறகு அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“அங்க சொன்னியே, சமையல்கட்டுல நிப்பேன்னு. அது நிஜமா, இல்ல அதுவும் நடிப்பா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நடிப்பா இருந்தா விலையைக் குறைச்சிருக்க மாட்டேனா?”

திரும்ப வேண்டிய தெருவை விட்டுவிட்டு வேன் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவளும் சொல்லவில்லை.