விடுபட்ட வரிகள்

எண்பதுகளின் கடைசியில் திருச்சிக்கு வெளியே ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். அந்த வருஷம் ஊழியர்களுக்காகப் பத்து வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். யார் முன்னால் வேலைக்குச் சேர்ந்தார்களோ அவர்களுக்கே வீடு. விண்ணப்பித்தவர்களை வரிசைப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. விண்ணப்பித்தவர்களில் நானும் ஒருத்தி. ஸ்ரீரங்கத்தில், காலையில் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுகிற ஒரு வீட்டுக்காரம்மாவிடம், ஒற்றை அறையில் நானும் கணவரும் குடியிருந்தோம். ஒரு குடம் கூடுதலாகப் பிடித்தால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு. எனக்கு அந்தப் புது வீடு வெறியாக வேண்டியிருந்தது.

மூன்று டைப்பிஸ்டுகள் விவரங்களை அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு வரி: டோக்கன் எண், பெயர், சேர்ந்த தேதி, பிரிவு. தேதியில் நாள் முன்னாலும் வருஷம் பின்னாலும் இருந்ததால் அப்படியே வரிசைப்படுத்த முடியாது. வரி எப்படி இருக்கும் என்று இயந்திரத்துக்கு ஒரு மாதிரி எழுதிக் காட்ட வேண்டும். அதில் வேண்டிய துண்டுகளை அடைப்புக்குறிக்குள் போட்டால், முதல் துண்டு, இரண்டாம் துண்டு என்று எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டு இடம் மாற்றிக்கொள்ளலாம். புத்தகத்தில் படித்தபோது சுலபமாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் உயிரை எடுத்தது. ஒவ்வொரு அடைப்புக்கும் முன்னால் ஒரு சாய்கோடு வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இயந்திரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெயருக்கு, 'என்ன இருந்தாலும் எடுத்துக்கொள்' என்று எழுதினேன். பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் பக்கத்து இலைக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வது போல, அது தேதியின் முதல் இரண்டு எண்களையும் விழுங்கிவிட்டது. நாள் இருக்க வேண்டிய இடம் காலி. கீபோர்டைத் தூக்கிக் காவேரியில் போடலாம் போல இருந்தது. கடைசியில், தேதி என்றால் இரண்டிரண்டு எண்கள், நடுவில் கோடு என்று கறாராக எழுதினேன். பொருந்திய வரிகளை மட்டும் அச்சிடு என்றேன். பட்டியல் வந்தது. நான் எட்டாவது!

"போதும்மா, நாளைக்கு போர்டுல ஒட்டிடலாம்" என்றார் அதிகாரி. அன்று மாலையே என் கணவர் வீட்டுக்காரம்மாவிடம், "அடுத்த மாசம் காலி பண்றோம்மா" என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் காலை, ஒட்டுவதற்கு முன், மொத்தம் எத்தனை பேர் என்று அடியில் போடலாமே என்று எண்ணிப் பார்த்தேன். யார் கேட்டார்கள் என்னை? உள்ளே போன வரிகளைவிட வெளியே வந்தவை குறைவு. பொருந்தாத வரிகளைத் தனியாக அச்சிட்டேன். எல்லாம் ஒரே டைப்பிஸ்ட் அடித்தவை. பழைய டைப்ரைட்டரில் கற்றுக்கொண்டவர் அவர். அதில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசை கிடையாது. ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்பார்கள். கை பழகியபடி இங்கேயும் அடித்திருக்கிறார். கண்ணுக்கு அது ஒன்றுதான். என் மாதிரிக்கு அது எண்ணே இல்லை. தேதியில் ஒன்று வந்தவர்களையெல்லாம் சத்தமில்லாமல் கழித்துக் கட்டியிருக்கிறது.

அந்த வரிகளில் லேத் பிரிவுக்காரர் ஒருவரும் இருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி பஸ் ஏறும்போது தினமும் எனக்கு இடம் போட்டு வைப்பவர். "நமக்கும் இந்தத் தடவை கிடைச்சிடும்மா" என்று அன்று காலைகூடச் சொல்லியிருந்தார். நான் வேலைக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே சேர்ந்தவர்.

அந்த டைப்பிஸ்ட் மேல் கோபம், அதிகாரி மேல் கோபம், எண்ணிப் பார்த்த என் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். பிறகு, எண் வரும் இடத்தில் 'எல்' வந்தாலும் ஏற்றுக்கொள் என்று அடைப்புக்குள் ஓர் எழுத்தைச் சேர்த்தேன். வெளியே வரும்போது அதை ஒன்றாக மாற்றச் சொன்னேன். மறுபடி ஓட்டினேன். லேத்காரர் நான்காவது. நான் பதினான்காவது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த புத்தகப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"மெஷின் ஏதாவது தப்பு பண்ணியிருக்கும். திரும்ப ஒரு தடவை போட்டுப் பாரேன்" என்றார்.

"இல்லைங்க" என்றேன். "திரும்பப் போட்டதுதான் இது."