ஒட்டி நின்ற பெட்டிகள்

இணையப் பக்கத்துக்கு நிறமும் அளவும் கொடுக்கும் சிஎஸ்எஸ்ஸை நான் ஆசைப்பட்டுக் கற்கவில்லை. பயத்தில் கற்றேன். தேவிகுளம் பக்கத்து தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு ஓய்வு வயதாகி இந்த வருஷத்தோடு வேலை முடிகிறது. குடும்பத்தில் யாராவது எஸ்டேட்டில் வேலை பார்த்தால்தான் கம்பெனி கொடுத்த வரிசை வீடான லயத்தில் இருக்கலாம். பட்டம் வாங்கிய நான் கூடையை மாட்ட வேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். மூணாறில் ரிசார்ட்டுகளுக்கு வெப்சைட் செய்யும் சின்ன ஆபீஸில் வேலை கிடைத்தால் அங்கேயே ஒரு வாடகை வீடு பார்க்கலாம். மாதிரிப் பக்கம் ஒன்று செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

தோழியின் பழைய லேப்டாப்பில் வீடியோ பார்த்துப் படித்தேன். ஒரு வரி எழுதினால் எல்லாத் தலைப்பும் பச்சையாகிவிடும். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் எதுவும் மாறாது. ஏன் என்றும் சொல்லாது. எங்கள் எஸ்டேட் சூப்பர்வைசர்கூடத் திட்டும்போது காரணம் சொல்லித்தான் திட்டுவார்.

ரிசார்ட்டின் மூன்று அறைகளுக்கு மூன்று பெட்டிகள். பக்கத்தின் அகலத்தை மூன்றாகப் பங்கிட்டேன். எழுத்து ஓரத்தில் முட்டியது என்று, அதைச் சுற்றி உள்ளே இடம் விடும் பேடிங்கை, பெட்டியின் அகலத்துக்குள்ளேயே அடங்கும்படி கொடுத்தேன். பெட்டிக்கு வெளியே இடம் விடுவது மார்ஜின். அந்தப் பாடம் எதற்கென்றே தோன்றவில்லை, தாண்டிவிட்டேன். அம்மாவிடம் காட்டினேன்.

"நம்ம லயம் மாதிரி வரிசையா லட்சணமா இருக்குடி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆபீஸை நடத்தும் சேச்சி பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஓர் அறை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று மலையாளத்தில் கேட்டார். ஏன் இடைவெளியே விடவில்லை என்றார். நான் பிறந்து வளர்ந்த வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டு இருமலுக்கு எங்கள் வீட்டில் தூக்கம் கெடும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அப்படி வெட்கப்பட்டதற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது. திருத்திக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார். இந்த வேலையை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மூன்று பெட்டிகளுக்கும் மார்ஜின் கொடுத்தேன். இடைவெளி வந்தது. ஆனால் இடம் போதாமல் மூன்றாவது பெட்டி கீழே இறங்கித் தனியாக நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"கடைசி வீடு ஏன் கீழ வந்துருச்சு?"

எல்லாவற்றையும் கொஞ்சம் ஒடுக்கினால் மேலே ஏறிவிடும், சரி பண்ணிவிடலாம் என்றேன்.

"அத நீ சரி பண்ணிருவ. நாம எங்கடி போறது?"

அகலத்தைக் குறைத்தேன். பெட்டி மேலே ஏறிக்கொண்டது. லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பி வைத்தேன்.