தேரோட்டத்தன்று எனக்குத் துடக்கு

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மொன்றியல் டவுன்டவுனில் உணவகக் குசினி ஒன்றில் சட்டி கழுவத் தொடங்கினேன். சில வருடங்களில் கந்தோர்களின் தரையைக் கழுவி மெழுகு போடும் கம்பனி ஒன்று என் கையில் இருந்தது. என் பெயர்தான் கம்பனிக்கும் பெயர். கம்பனி ஆட்களை ஏற்றிப்போகும் வானின் இரண்டு பக்கத்திலும் தூரத்தில் வருகிறவனுக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதுவித்தேன். கர்க்லாண்டில் வீடு வாங்கினேன். எங்கள் கோயிலில் தேர் புறப்படும்போது வடத்தை முதலில் பிடிக்கிற கை என்னுடையது. டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் எனக்குப் பின்னால்தான் நிற்பார்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் கழிந்த ஒரு கோடையில் அந்த வடத்தை நானே விட்டேன். ஏன் விட்டேன் என்று அப்போது ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நடந்தது இதுதான்.

எனக்கு ஒரே மகள். பல்கலைக்கழகம் முடித்து லொங்குய்யில் வேலை எடுத்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலேயே வீடெடுத்து, வெள்ளைக்காரப் பிள்ளை ஒருத்தியோடு இருந்தாள். அறைத்தோழி என்று சொன்னாள். நான் கனபேரோடு பழகியவன், எனக்குத் தெரியாதா? ஒருநாள் அந்தப் பிள்ளை குனிந்து என் மகளின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டதைக் கண்டேன். “அறைத்தோழிமார் இதெல்லாமோ செய்வினம்?” என்று கேட்டேன். மகள் அழுதுவிட்டு உண்மையைச் சொன்னாள். என் மனைவி கொஞ்சக்காலம் முகம் கொடுக்கவில்லை. பிறகு இறால் கறி கட்டிக்கொண்டு முதலில் பாலம் கடந்து போனவளும் அவள்தான்.

எனக்கு ஒரேயொரு குறை, அவர்கள் கலியாணம் கட்டவில்லை. சட்டம் அப்போது அதற்கு இடம் கொடுத்திருந்தது.

“கட்டுங்கோ. ஹோல் நான் எடுக்கிறன். அறுநூறு பேருக்குச் சாப்பாடு.”

“அப்பா, அவளின்ர அம்மாவும் அப்பாவுமே இன்னும் கட்டேல்லை.”

கியூபெக்காரர் அப்படித்தான். பேரப்பிள்ளை கண்ட பிறகும் கலியாணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு இருப்பார்கள்.

பிறகு பிள்ளை வேண்டும் என்றார்கள். என் மகளின் உடம்புக்குச் சரிவராது என்று டொக்டர் சொல்லிவிட்டதால், அந்த வெள்ளைக்காரப் பிள்ளையே சுமப்பது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். கிளினிக்கில், யாரென்று தெரியாத ஒருவன் கொடுத்த விந்தைக் கொண்டு கரு தங்கியது. எல்லாம் ஒழுங்காக நடக்கவேண்டும் என்று நான்தான் அவர்களைச் சட்டப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு அம்மா ஒருவரிடம் கூட்டிப்போனேன். எதிலும் கையெழுத்து வைக்க முன்னம் கேட்டு அறிகிறவன் நான்.

அந்த அம்மா பொறுமையாக விளங்கப்படுத்தினார். சட்டப்படி கட்டியிருந்தால் பிறக்கும் பிள்ளைக்கு இருவரும் தாய் என்று சட்டமே எடுத்துக்கொள்ளுமாம். கட்டாதபடியால் என் மகள் தானே வந்து, நானும் தாய் என்று பிறப்புப் பதிவில் கையெழுத்து வைக்கவேண்டும். அவளுக்காக வேறு ஒருவரும் வைக்க ஏலாது. குழந்தை பிறந்து முப்பது நாளுக்குள் வைத்தால் நல்லது, பிந்தினால் கரைச்சல்.

“விந்து குடுத்தவன் நாளைக்கு வந்து நிண்டால்?” என்று என்னுடைய குசினிப் பிரெஞ்சில் கேட்டேன்.

அவனுக்கு ஒரு உரிமையும் இல்லை, சட்டத்துக்கு அவன் தகப்பனே இல்லை என்றார். நான் அதை மனதில் போட்டுக்கொண்டேன்.

தேருக்கு மூன்று கிழமை இருக்கும்போது குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அப்படி ஒரு குழந்தையை நான் கண்டதில்லை, ஆஸ்பத்திரித் தாதிமாரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஒரு கிழமை போனது. மகள் கையெழுத்து வைக்கவில்லை. கேட்டால், “பேந்து பாப்பம் அப்பா” என்பாள். காரணத்தை மனைவிதான் காரில் வைத்துச் சொன்னாள்.

“உங்கட பேருக்காகத்தான் யோசிக்கிறா.”

“என்ர பேருக்கு என்ன?”

“அவளின்ர கடைசிப் பேர் உங்கட பேரெல்லே? அவ தாயெண்டு பதிஞ்சால் குழந்தைக்கும் அந்தப் பேர் போகும். நாளைக்குக் கோயிலிலை, இது ஆரின்ர பிள்ளை, எப்பிடி வந்ததெண்டு உங்களைத்தானே கேப்பினம்? அதுதான், மற்றப் பிள்ளை மட்டும் வைக்கட்டும் எண்டு நிக்கிறா. அந்தப் பிள்ளை பால் குடுத்துக்கொண்டே அழுகுது.”

எனக்கு வந்த கோபம்! பெற்ற அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனால், அல்லது இருவரும் பிரிந்தால், என் மகள் அந்தக் குழந்தைக்கு யார்? சட்டத்தின் முன் அடுத்த வீட்டுக்காரிதான். என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் தன் பிள்ளையை விடப்போகிறாள். என்னை இதுவரை ஒருவரும் காப்பாற்றியதில்லை, அதற்குத் தேவையும் வந்ததில்லை.

எங்கள் ஆட்களில் சாவுக்கு மட்டுமில்லை, குழந்தை பிறந்தாலும் தகப்பன் பக்கத்தாருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அவர்கள் கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை தேர் அலுவலுக்குக் கோயிலில் கூட்டம் வைத்திருந்தார்கள். நான் போனேன். ஆனால் உள்ளே போகாமல் கார் விடுகிற இடத்திலேயே நின்றுகொண்டேன்.

கோயில் சபைத் தலைவர் கையில் கோப்பியோடு வெளியே வந்தார். “என்னண்ணை இஞ்சை நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ.”

“வர ஏலாது. எனக்குத் துடக்கு.”

“ஐயோ! ஆர் மோசம் போனது?”

“ஒருத்தரும் போகேல்லை. பேத்தி பிறந்திருக்கிறா.”

“மகளுக்கோ? கலியாணம் எப்ப நடந்தது? எங்களுக்குச் சொல்லவேயில்லை.”

“கலியாணம் நடக்கேல்லை. பெத்ததும் அவ இல்லை.”

தலைவர் கோப்பியைக் காரின் மேல் வைத்தார். “அண்ணை, ஒருக்கா விளக்கமாச் சொல்லுங்கோ.”

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றுவிட்டார்கள்.

“அப்பிடியெண்டால் உங்களுக்குத் துடக்கே இல்லையண்ணை,” என்றார் தலைவர். “உங்கட பெட்டை பெறேல்லையே.”

“மற்றப் பிள்ளை பெத்தது. அது தாய்ப் பக்கம். அப்ப நாங்கள் எந்தப் பக்கம்? தகப்பன் பக்கம். துடக்கு தகப்பன் பக்கத்துக்குத்தானே?”

“தகப்பனே இல்லையெண்டு நீங்கள்தானே இப்ப சொன்னீங்கள்!”

“சட்டமும் அதைத்தான் சொல்லுது. அந்த இடம் வெறுமையாக் கிடக்கு. அதிலை நான் நிக்கிறன்.”

பின்னால் நின்ற ஒருவர், என்னிடம் முன்பு வேலை செய்தவர், சிரித்தார். “விலாசம் தெரியாதவன்ர பிள்ளைக்கு முதலாளி துடக்குக் காக்கிறாராம்.”

“விலாசம் இருக்கு தம்பி. லொங்குய்யிலை, என்ர மகளின்ர விலாசம். வந்து பாரும், தேத்தண்ணி தருவினம்.”

சத்தம் கேட்டு ஐயர் வெளியே வந்தார். தலைவர் அவரிடம் முறையிட்டார். “ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. இது துடக்கோ இல்லையோ?”

ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தனக்குத் துடக்கெண்டு ஒருத்தர் தன்ர வாயாலை சொன்னாப் பிறகு நான் அவரைத் தேருக்குக் கிட்ட விடேலாது. பேந்து மழை வந்தாலும் என்னைத்தானே பேசுவியள்.” பிறகு என்னிடம் திரும்பினார். “இண்டைக்கு எத்தினையாம் நாள்?”

“எட்டு, ஐயா.”

“துடக்குக் கழிவுக்குச் சொல்லுங்கோ, வாறன்.”

“வீடு பாலத்துக்கு அங்காலை.”

“அவ்வளவு தூரமோ! ஆரும் ஏத்திக்கொண்டு போகோணும்.”

“என்ர வான் வரும்.”

கதை அதோடு முடிந்தது. கோயிலே ஒப்புக்கொண்ட பிறகு மேலே கதைக்க யாருக்கு வாய் வரும்?

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம் தொலைபேசி அடித்தது. மகள்.

“அப்பா, உங்களுக்கு விசரோ? கோயில் வாசலிலை நிண்டு கத்தினீங்களாம்!”

“கத்தேல்லை. என்ர குரல் அப்பிடி.”

“நான் உங்களுக்காகத்தானே…”

“எனக்காக நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. இப்ப ஊருக்கே தெரியும். இனி நீ கையெழுத்து வைக்காட்டில்தான் எனக்கு வெக்கம். சாமி வாசலிலை நிண்டு துடக்கெண்டு பொய் சொன்னவன் எண்டு ஆகிடும்.”

அந்தப் பக்கத்தில் குழந்தை சிணுங்குவது கேட்டது. அதற்கு மேலாக மகள் மூக்கை உறிஞ்சினாள்.

“பதிவுக்குச் சாட்சி ஒராள் வேணும்,” என்றாள். “வாறியளோ?”

“காரிலை ஏறிட்டன்,” என்றேன். ஏறவில்லை. ஆனால் மனைவி அதற்குள் கார்த் திறப்பை எடுத்துவிட்டாள்.

அவர்களுடைய குசினி மேசையில் வைத்து எழுதினோம். அந்தப் பிள்ளை ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் வாசித்தது. மகள் தமிழில் சொன்னாள். நான் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். பெற்ற தாயாக அந்தப் பிள்ளை முதலில் கையெழுத்து வைத்தது. அடுத்து என் மகள் வைத்தாள். கடைசியாகச் சாட்சி என்ற இடத்தில் நான் வைத்தேன். குழந்தையின் கடைசிப் பெயர் இரண்டு பெயர் சேர்ந்தது. அதில் ஒன்று என் வானில் இருக்கிற பெயர். பிறகு அந்தப் பிள்ளை தன் தாய்க்குத் தொலைபேசியில் நடந்ததை எல்லாம் சொன்னது. முழுவதும் பிரெஞ்சு, நடுவில் “துடக்கு” மட்டும் தமிழில் வந்து வந்து போனது.

தேரன்று வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு எதிரே, தெருவின் மறுகரையில் போய் நின்றேன். துடக்குக்காரன் தெருவில் நிற்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. தலைவர்தான் வடத்தை முதலில் பிடித்தார். அவருடைய பிடி சரியில்லை, தேர் ஒருதரம் தடுமாறியது. நான் இங்கிருந்தே “வலப்பக்கம் இழுங்கோ!” என்றேன். இழுத்தார்கள்.

வெயில் தாங்காமல் நான் நின்ற கரைக்கு வந்த வயதான அம்மா ஒருவர் என்னை அடையாளம் கண்டார்.

“என்ன தம்பி, நீர் இழுக்கேல்லையே?”

“துடக்கு, அக்கா. பேத்தி பிறந்திருக்கிறா.”

“ஆருக்கு?”

“என்ர மகளுக்கு.”

“சுகப்பிரசவமோ?”

“ஓம். தாய்மார் ரெண்டு பேரும் சுகம்.”

அவர் தேரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கதை அவருடைய காதுக்கும் போயிருக்கவேண்டும்.

“பால் குடுக்கிற பிள்ளைக்குச் சுறாப் புட்டு அவிச்சுக் குடுக்கச் சொல்லும்,” என்றார். “மற்றதுக்கும் கொஞ்சம் குடுங்கோ. அதுவும் நித்திரை முழிக்குந்தானே.”

தேரன்று மச்சம் வாங்கக்கூடாது. மறுநாள் காலை மீன்கடை திறக்கும்போதே போய் நின்று, இருந்ததில் பெரிய சுறாவைக் காட்டி, அதை வெட்டச் சொன்னேன்.