ரயிலேறப் பயந்த இரண்டு வருஷம்

கோலார் தங்கவயலுக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது தங்கமும் இல்லை, துரைமாரும் இல்லை. ஒதுங்கப் போவதற்கு வரிசையில் நிற்பதுதான். எங்கள் குடியாத்தத்தில் ஏரிக்கரைப் புதர் முழுக்கப் பெண்களுக்குச் சொந்தம். இங்கே ஊரிகம் சுரங்கத்துக் கூலிக்காரர்களின் லைன் வீடுகளின் கோடியில் தகரக் கதவு போட்ட ஆறு மறைப்புகள். நாற்பது வீட்டுக்கும் அவ்வளவுதான். இளவயதில் ஊர்க்கதை பேசிக்கொண்டே நின்றுவிடலாம். ஐம்பத்தெட்டு வயதில் அந்த வரிசை பெங்களூர் வரைக்கும் நீளுகிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடும். இந்த ஊர்க் குளிரில் இன்னும் மோசம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துப் பார்த்தேன். எரிச்சல் கூடியதுதான் கண்ட பலன். குடியாத்தத்திலிருந்து தங்கை ரூத்து வரச்சொல்லிக் கடிதம் மேல் கடிதம் போட்டாள். மூன்றாம் வகுப்பு வண்டியில் கழிப்பிடம் கிடையாது. ஆகவே முழங்கால் வலி என்றும் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றும் மாற்றி மாற்றிப் பதில் எழுதினேன். அக்காவுக்குத் தங்கவயல் கர்வம் வந்துவிட்டது என்று அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாளாம்.

ஒருநாள் துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் துரைக்கு நான் சொல்வதை எடுத்துச் சொல்ல ஒரு மலையாளத்துக் கம்பவுண்டர் நின்றார். ஆண்பிள்ளையிடம் எதையென்று சொல்வது? "தண்ணி நிக்கலீங்க. ஒழுவினே கீது" என்றேன். எத்தனை நாளாக என்றார். இரண்டு வருஷமாக என்றேன். துரை மிகவும் வருத்தப்பட்டு ஒரு சீட்டு எழுதி, லைன் மேஸ்திரியிடம் கொடுக்கச் சொன்னார். மறுநாள் உச்சிவெயிலில் இரண்டு பேர் ஏணியும் தகரமுமாக வந்து, என் வீட்டுக் கூரையைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், தன்னைக் கேட்காமலே நான் காரியத்தை முடித்துவிட்டேன் என்று என்னை மெச்சிக்கொண்டார்.

பால் ஊற்ற வரும் கன்னடக்காரி கெம்பம்மா புதுத் தகரத்தைப் பார்த்து விசாரித்தாள். எனக்குத் தெரிந்த அரைக் கன்னடத்தில் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். இருவரும் சிரித்தோம். சிரித்த வேகத்தில் நான் சட்டென்று தரையில் உட்கார வேண்டியதாயிற்று. புடவை நனைந்துவிட்டது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நனகூ ஹீகே, அக்கா" என்றாள். எனக்கும் இப்படித்தான் என்று அர்த்தம். மறுவாரம் அவளே என்னைப் பிரசவ வார்டு நர்ஸம்மாவிடம் கூட்டிப்போனாள்.

நர்ஸம்மா வேலூர்ப் பக்கத்தவர். மெதுவான குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளைகள் ஏழு. கல் பொறுக்கும் இடத்தில் பன்னிரண்டு வருஷம் கூடை சுமந்திருக்கிறேன். கல்தூசி இருமல் உண்டு. மலச்சிக்கல் உண்டு. இங்கே வந்து பழகிய காப்பி, நாளைக்கு ஐந்து தரம். வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று கேட்டேன்.

"வயசும் ஒரு காரணந்தாம்மா. அதுக்காக அப்படியே விட்டுடணும்னு இன்னா கீது?" என்றார்.

காப்பியைக் குறைக்கச் சொன்னார். தண்ணீரைக் குறைக்கக் கூடாதாம். இருமலுக்கு மருந்து கொடுத்தார். அவசரம் வரும்வரை காத்திராமல் நேரம் வைத்துப் போய்வர வேண்டும், சும்மா இருக்கும்போது அடக்குவதுபோல் இறுக்கி இறுக்கி விட வேண்டும் என்றார். பால் அளக்கும்போது கெம்பம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இறுக்கிப் பழகினோம். ஆறேழு மாதத்தில் முழுக்க நிற்கவில்லை. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

ரூத்தின் மகள் கல்யாணத்துக்கு ரயிலேறினேன். ஜோலார்பேட்டையில் வண்டி நெடுநேரம் நின்றது. இறங்கிப் போய்விட்டு, ராணிபோல நிதானமாக நடந்து வந்து ஏறினேன்.

கல்யாணம் முடிந்ததும் தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கையிலிருந்த தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "என்கிட்ட சொல்றதுக்கு இன்னாக்கா வெக்கம்?" என்று கேட்டு அழுதாள். ஒரு வயிற்றில் பிறந்தவளிடம் ஒளித்ததை, வேறு பாஷை பேசும் பால்காரி ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

திரும்பும்போது வண்டியில் எதிரே இருந்த பெண், எங்கே போகிறீர்கள் என்றாள். "ஊருக்கு" என்றேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றாள். "ஊர்லேர்ந்துதான்" என்றேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி குப்பம் ஸ்டேஷனைத் தாண்டி, தங்கவயல் பக்கத்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.