காம்பியாவில் தேர்தல், எங்கள் வீட்டில் தண்ணீர்

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு மேல் மாடியில் காம்பியா அன்ரி குடியிருந்தார். அகதிகளாக வந்திறங்கிய எங்களுக்கு மொன்றியலில் கிடைத்த முதல் சிநேகிதம் அவர்தான். எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, அவருடைய அண்ணன் காம்பியாவில் பாராளுமன்றத் தேர்தலில் நின்றார்.

அங்கே வாக்குச்சீட்டே கிடையாதாம். தேர்தலில் நிற்கிற ஆளுக்கொரு தகரப் பீப்பா, உள்ளே ஒரு மணி. பிடித்தவருடைய பீப்பாவுக்குள், நாங்கள் உருட்டி விளையாடுகிற மாதிரிக் கண்ணாடிப் போளையைப் போட்டால் ‘டிங்’ என்று கேட்குமாம். போளை போட்டு ஒரு நாட்டையே ஆளலாம் என்றால் துள்ளாமல் என்ன செய்வது? நானும் தம்பியும் பிஸ்கட் தகரத்தை நடுவில் வைத்து, அன்ரியின் அண்ணனுக்கு வாக்குகளாய்ப் போட்டுத் தள்ளினோம். கள்ள வாக்கு என்றொரு சொல் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

தேர்தல் அன்று அம்மா குளியல் தொட்டி முட்டத் தண்ணீர் பிடித்தார். கடையில் சாப்பிடப் பாணும் இருட்டுக்கு மெழுகுதிரியும் வாங்கினார். எங்களைப் பள்ளிக்கூடமும் விடவில்லை.

“எலெக்சன் காம்பியாவில. நீர் இஞ்ச தண்ணி பிடிக்கிறீரோ?” என்று அப்பா சிரித்தார்.

“எலெக்சன் எண்டால் எலெக்சன்தான்” என்றார் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

முடிவு கேட்க எல்லோரும் மேலே போய் அன்ரியின் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்தோம். மணி அடித்தது. அன்ரி கேட்டுக்கொண்டேயிருந்தார், பிறகு உதட்டைப் பிதுக்கினார். அண்ணன் தோற்றுவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. என் தோளை உலுக்கினார்.

“ஆள் எங்கையாம்? கேள்.”

கேட்டேன். வீட்டில்தானாம், யாரோடும் பேசாமல் சாப்பிடுகிறாராம்.

“வீடு இருக்காமோ?”

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. ஆனாலும் கேட்டேன். வீடு எங்கே போய்விடும் என்று அன்ரி சிரித்தார். அதைத் தமிழில் சொன்னதும் அம்மா அன்ரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணையும் துடைத்தார். தோற்றதற்கு இப்படியொரு கொண்டாட்டமா? எனக்குப் பொல்லாத கோபம். அம்மாவோடு கதைப்பதையே நிறுத்திவிட்டேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, எங்கள் ஊரில் ஒரு தேர்தல் முடிந்த கையோடு எங்கள் வீட்டை எரித்தார்கள். அதை எனக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.