இத்வாலின் மணிக்கட்டு

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் தொழிலையும் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். ரொட்டி டேவிஸ், தபால் டேவிஸ், சவப்பெட்டி டேவிஸ். இத்வால் பிரைசுக்கு இருபத்தாறு வருடமாகக் 'கிரேன்' என்றே பெயர். எம்ரிஸ் இறந்த மறுநாளிலிருந்து ஒருவரும் அவனை அப்படிக் கூப்பிடவில்லை. கூடிப் பேசி முடிவெடுத்ததல்ல. வாய் தானாக நிறுத்திக்கொண்டது.

எம்ரிஸ் அதே இரும்புக் கிடங்கில் கொக்கி மாட்டுகிறவன். கீழே நின்று இரும்பு உத்திரக் கட்டுகளுக்குக் கொக்கி மாட்டிக் கையால் சைகை காட்டுவான். மேலே கூண்டுக்குள் உட்கார்ந்து இத்வால் தூக்குவான். இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே சேர்ந்து திரிந்தவர்கள். சனிக்கிழமைகளில் தொழிலாளர் கிளப்பின் மாடியில் ஸ்னூக்கர் ஜோடியும் அவர்கள்தான். ஒரு பிப்ரவரி செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீருக்குக் கொஞ்சம் முன்னால், மழையில் தொங்கிக்கொண்டிருந்த கட்டு ஒன்று இறங்கிவிட்டது. விலகிக்கொள்ள, எம்ரிசுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இடம்தான் இருந்தது.

விசாரணை நான்கு நாள் நடந்தது. "என் கை ஆடல. நான் லீவரைத் தொடவே இல்ல" என்று இத்வால் சொன்னான். பிரேக் தட்டு தேய்ந்திருந்தது, இயக்கியவர் மேல் தவறில்லை என்று எழுதி முடித்தார்கள். எம்ரிசின் மனைவி நெஸ்டா நான்கு நாளும் முதல் வரிசையில் கறுப்புக் கையுறையோடு உட்கார்ந்திருந்தாள்.

இத்வால் கிரேனுக்குத் திரும்பவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டப் போனான். காலையில் ஒரு சுற்று, பிற்பகலில் ஒரு சுற்று. ஒரு வருடம் கிளப் பக்கமே வராமல் இருந்துவிட்டு, பிறகு வந்தான். ஸ்னூக்கர் மேசைகளைத் தூரிகையால் துலக்கி, அவற்றின் மேல் விரித்த துணிக்கு இஸ்திரி போட்டு வைப்பது என் வேலை. கிளப் அணியில் நான்காவது ஆட்டக்காரனும் நான்தான். அதனால் நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

எங்கள் அணித் தலைவி மென்னா, சதுக்கத்தில் மீன் வறுவல் கடை வைத்திருப்பவள். அவளுக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. அந்த அக்டோபரில் இத்வால் நேராக இருந்த ஒரு நீலப் பந்தைத் தவறவிட்டான். குழந்தைகூடப் போட்டிருக்கும்.

"மென்னா, மேசை சாஞ்சிருக்கு" என்றேன் நான், அவனைக் காப்பாற்ற.

"மேசை நல்லாத்தான் இருக்கு. இவன் மணிக்கட்டுதான் கடைசி நேரத்துல உள்பக்கம் திரும்புது. இத்வால், உனக்கே தெரியலயா? நீ தள்ள நினைக்கிறது ஒரு பக்கம், கை போறது வேற பக்கம்."

இத்வாலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு, கோட்டைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனான்.

மறுநாள் பதினொரு மணிக்கு வந்து, இரண்டாம் மேசையில் வெள்ளைப் பந்தை மட்டும் வைத்துக்கொண்டு பழக ஆரம்பித்தான். பழுப்புப் பந்துக்குரிய புள்ளியில் வெள்ளையை வைத்து, மேசையின் நடுக்கோட்டில் நேராக அனுப்புவான். அது எதிர்முனையில் மோதித் திரும்பி வரும். அடித்தவன் கை நேராகப் போயிருந்தால், பந்து வந்த வழியே வந்து கோலின் நுனியில் தொடும். கொஞ்சம் பிசகினாலும் இடமோ வலமோ விலகும். அவனுக்கு வந்ததெல்லாம் வலப்பக்கம்தான். டக், விலகல். டக், விலகல். மாடிக்குக் கீழே கடை வைத்திருப்பவர்கள் கூரை ஒழுகுகிறதோ என்று கேட்டார்கள்.

கோப்பைப் போட்டிக்காகப் பழகுகிறான் என்று நாங்கள் நினைத்தோம். மென்னாவுக்குச் சந்தோஷம். மதியம் கடையைச் சாத்தியதும் மாவு ஒட்டிய ஏப்ரனோடு ஏறி வருவாள்.

"இப்படி இறுக்கிப் பிடிச்சா எப்படி நேரா போகும்? கழுத்தையா நெரிக்கிற? விரலை விடு" என்பாள். "கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு வளையம் மாதிரி இருந்தாப் போதும். மத்த மூணும் சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கட்டும். கோலைப் பின்னால இழுக்கும்போது அந்த மூணும் திறக்கணும், முன்னால போகும்போது தானா மூடணும். முழங்கைக்குக் கீழ உள்ள கை ஊசல் மாதிரி தொங்கணும். கட்டை விரல் தரையைப் பாக்கணும்."

அவன் கேட்பான், செய்வான். பின்னிழுப்பு அழகாக வரும். அடிக்கும் கணத்தில் ஐந்து விரலும் சேர்ந்து இறுகும். இறுகினால் மணிக்கட்டு திரும்பும், கோலின் பின்முனை உடம்பை நோக்கி வரும். மென்னா கோலின் பிடியில், மேல்புறமாக, ஒரு வெள்ளை நாடாவை நீளவாக்கில் ஒட்டினாள். கை திரும்பினால் நாடாவும் உருளும். பின்னாலிருந்து போனில் படம் எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு அடியிலும் நாடா உருண்டது. கடிகார முள் ஐந்து நிமிடம் நகர்ந்த அளவுக்கு.

இத்வால் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஒருநாள் என்னிடம் கேட்டான்: "இது எப்பலேர்ந்து இருக்கும்னு நினைக்கிற?"

"எதுடா?"

"இந்தத் திருப்பம். போன வருஷமா? அதுக்கு முன்னாலயா?"

"யாருக்குத் தெரியும்? முன்னால நீ நல்லாத்தானே போடுவே."

"நல்லாப் போடறது வேற. திரும்பிக்கிட்டே நல்லாவும் போடலாம். கண்ணு அதுக்கேத்த மாதிரி சரிபண்ணிக்கும்" என்றான். அவன் உள்ளங்கை, கோலின் வார்னிஷ் ஒட்டி, பழுப்பாகப் பளபளத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் ஆட்டத்தைத் திருத்த வரவில்லை. தன் கையை விசாரித்துக்கொண்டிருந்தான். விசாரணையில் சொன்னது பொய்யாகிவிட்டதோ, கூண்டுக்குள்ளும் தனக்குத் தெரியாமல் இந்தக் கை திரும்பியிருக்குமோ என்று, தினமும் நூறு தடவை அந்த வெள்ளைப் பந்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இதை மென்னாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் உடனே காரியத்தில் இறங்கினாள். எம்ரிஸ் ஆட்டங்களைப் போனில் படம் எடுத்து வைப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். நெஸ்டா வீட்டுக்குப் போய், பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். விபத்துக்கு முன்னால் கை நேராக இருந்தது என்று காட்டிவிட்டால் அவன் நிம்மதியாகத் தூங்குவான் என்பது அவள் கணக்கு.

மார்ச் மாதம், புதன்கிழமை, மதியம். நெஸ்டா தானே எம்ரிசின் போனை எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். விசாரணைக்குப் பிறகு முதல் தடவையாக இத்வால் அவள் எதிரில் நின்றான். அவன் கோலை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இதுல சார்ஜ் நிக்காது. சீக்கிரம் பாருங்க" என்றாள் நெஸ்டா.

படம் ஓடியது. அதே இரண்டாம் மேசை. ஐந்து வருடம் இளைய இத்வால் குனிந்து, பின்னிழுத்து, அடித்தான். கறுப்புப் பந்து விழுந்தது. போனுக்குள்ளிருந்து எம்ரிசின் சிரிப்பு கேட்டது. அந்த நீண்ட அறையில் அவன் குரல் தெளிவாக, பக்கத்தில் நிற்பவன் குரலாக வந்தது: "டேய் கிரேன், மறுபடியும் மணிக்கட்டைத் திருப்புறே பாரு! ஒருநாள் யாரையாவது கொல்லப் போறே."

படம் முடிந்தது. மென்னா வாயைப் பொத்திக்கொண்டாள். நெஸ்டா மட்டும் அசையவில்லை. அந்தக் குரலை அவள் வீட்டில் எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பாளோ.

"அப்ப நான்தான்" என்றான் இத்வால். "நெஸ்டா, கை ஆடலன்னு உன் முகத்துக்கு நேரா சொன்னேன். ஆடியிருக்கு. அப்பவே இருந்திருக்கு. அவனுக்கே தெரிஞ்சிருக்கு."

"ரெண்டு வருஷமா என் தெருப் பக்கமே வராம இருந்தது இதுக்கா?" என்றாள் அவள். குரலில் கோபம்தான் இருந்தது, இரக்கம் இல்லை. "நாலு நாள் உக்காந்து கேட்டிருக்கேன், அந்த லீவரோட படத்தை மாட்டி வச்சிருந்தாங்க. அது முன்னால போகும், பின்னால போகும். அவ்வளவுதான். நீ மணிக்கட்டை எப்படித் திருகினாலும் அதுக்குத் தெரியாது. கிரேன் ஓட்டினவன் நீ. இது உனக்குத் தெரியாதா?"

அவன் கோலை மேசை மேல் வைத்தான்.

"தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கே. ஏன்?"

இத்வால் மேசை விளிம்பில் சாய்ந்தான். அதன் துணியைத் தடவினான். "கையா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் நெஸ்டா. கைன்னா எனக்குத் தெரியாம நடந்தது."

பிறகு சொன்னான். விபத்துக்கு முந்தின நாள் திங்கட்கிழமையே பிரேக் பிடிக்காமல் கட்டு ஒரு ஜாண் நழுவியிருக்கிறது. இரண்டு தடவை. எழுதிக் கொடுத்திருந்தால் கிரேனை நிறுத்தியிருப்பார்கள். ஆட்குறைப்புப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். வெள்ளிக்கிழமை எப்படியும் பழுது பார்க்க வருவார்கள், அதுவரை சின்னக் கட்டாகத் தூக்கலாம் என்று மறுநாள் காலையில் எம்ரிஸ் சொல்ல, இவன் தலையாட்டியிருக்கிறான். விசாரணையில் அதைச் சொல்லவில்லை. சொன்னால் செத்தவன் மேலும் பழி வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தன் மேலும் வரும் என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

நெஸ்டா கையுறையைக் கழற்றி மடித்தாள்.

"திங்கக்கிழமை சாயங்காலம் சாப்பிடும்போது சொன்னாரு" என்றாள். "பிரேக் சரியில்ல, இத்வாலை எழுதிக் குடுக்கச் சொல்லலாமான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். வம்பு பண்றவன்னு பேர் வாங்காதீங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னேன். நான் சொன்னதைத்தான் அவர் உன்கிட்ட வந்து சொல்லியிருக்காரு. விசாரணையில என்னை யாரும் கேக்கல. நானும் சொல்லல."

மென்னா அழுதுகொண்டே கீழே போய்த் தேநீர் போட்டு எடுத்து வந்தாள். நான்கு கோப்பையும் ஆறிப்போயின.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து விசாரணை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு பெண் அதிகாரி வந்து, நெஸ்டாவின் சமையலறையில் இரண்டு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். தீர்ப்பு மாறவில்லை. அறிக்கையின் பின்னால் ஒரு பக்கம் சேர்ந்தது. இத்வாலுக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. அதை அவன் யாரிடமும் மறைக்கவில்லை. ஊரில் சிலர் நெஸ்டாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். புருஷன் செத்த பிறகு அவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ரொட்டிக் கடை வரிசையில் அவள் காதுபடவே ஒருத்தி சொன்னாள். "ஆமா" என்று மட்டும் நெஸ்டா சொன்னாளாம்.

மனசைக் கொட்டியதும் கை நேராகிவிட்டது என்று பின்னால் ஒரு கதை கட்டினார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் நாடா அதே அளவு உருண்டது. கையைத் திருத்தியது மென்னாதான், ஆறு மாதம் எடுத்து. கடைசி இரண்டு விரலைக் கோலில் படாமல் வைத்து அடிக்கச் சொன்னாள். பிறகு ஒன்றைச் சேர்த்தாள், பிறகு இன்னொன்றை. அடித்த பின்னும் கோலை நீட்டியபடி, மூச்சு விடும்வரை அசையாமல் இருக்கச் சொன்னாள். செப்டம்பரில் ஒருநாள் வெள்ளைப் பந்து போய்த் திரும்பி வந்து, கோல் நுனியில் 'டிக்' என்று முத்தமிட்டது. அவன் சிரிக்கவில்லை. மறுபடியும் வைத்தான்.

கை நேரான பிறகுதான் புதிதாக ஒன்று வந்தது. நவம்பரில் மேல் பள்ளத்தாக்கு அணியோடு எங்கள் மாடியிலேயே போட்டி, ஞாயிறு மதியம். கடைசி ஆட்டத்தில் இத்வாலுக்கு ஒரு இளஞ்சிவப்புப் பந்து மீதி, அதைப் போட்டால் எங்களுக்கு வெற்றி. குனிந்தான், பின்னிழுத்தான், நிறுத்தினான். தலையைக் கொஞ்சம் திருப்பி, ஜன்னலுக்குக் கீழே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தான். நிறுத்தியபடியே நின்றான். எதிரணிக்காரன் என்னைப் பார்த்து, "என்னப்பா, தூங்கிட்டாரா?" என்றான்.

எனக்குப் புரிந்தது. கிடங்கில் வேலை பார்த்த எவனுக்கும் புரியும். கீழே நிற்பவன் கையால் சைகை காட்டாமல் கிரேன்காரன் எதையும் நகர்த்த மாட்டான்.

அரை நிமிடம் இருக்கும். சுவரில் அவன் என்ன பார்த்தானோ, திரும்பி அடித்தான். விரல்கள் திறந்து மூடின, நாடா அசையவே இல்லை. பந்து பையில் விழுந்தது. எல்லோரும் கத்தினார்கள். மென்னா என்னைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவன் அப்படிப் பார்க்கிறான். சில சமயம் உடனே அடிக்கிறான். சில சமயம், பந்து கைக்கெட்டும் தூரத்தில் நேராக இருந்தாலும், அடிக்காமல் நிமிர்ந்து, "இப்ப வேணாம்" என்று தனக்குள் சொல்லிவிட்டு வேறு பந்துக்குப் போகிறான். புதிதாக வருகிறவர்கள் சிரித்தால் மென்னா ஒரு பார்வை பார்ப்பாள். போட்டி நாட்களில் அந்தச் சுவரோரம் யாரையும் நிற்க விடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.