ஒரே நாளில் இரண்டு ஆஸ்பத்திரி

லண்டனுக்குச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் போனது வருத்தம் பார்க்க, அதாவது நோயில் படுத்தவரைப் பார்க்க. 2006 பங்குனியில் லூயிஷாமில் இருக்கும் அக்கா படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பாரிஸில் கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டேன். உங்களில் பலரும் இப்படித்தான் கடல் தாண்டுவீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

கடலடி ரயில் இரண்டே முக்கால் மணித்தியாலம். முன்கூட்டியே எடுத்தால் போக வர எழுபது யூரோ. வாட்டர்லூவில் இறங்கி, பாலத்தால் நடந்து பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனால் லூயிஷாமுக்கு இருபது நிமிடம். டாக்ஸிக்காரரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஸ்டேஷன் வாசலில் அத்தான் காரோடு நின்றார். அக்காவுக்குத் தனி அறை கிடைத்துவிட்டது என்று முகமெல்லாம் மலர்ச்சி. முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஓர் அறைக்கு ஆறு கட்டிலாம். இங்கே மாற்றிக் கொஞ்ச நாளிலேயே தனி அறை. நல்ல மரியாதை என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லியிருந்தார்.

மரியாதையின் காரணம் கதவில் ஒட்டியிருந்தது: உள்ளே போகுமுன் ஏப்ரன், கையுறை, வெளியே வரும்போது கை கழுவவும். தாதியிடம் கேட்டேன். அக்காவிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்கிறது என்றார், வழக்கமான மருந்துகளுக்கு மசியாத கிருமி. மூக்கிலும் தோலிலும் சும்மா இருக்கும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. காயத்துக்குள் போனால்தான் ஆபத்து. பழைய ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததா, இங்கே தொற்றியதா என்று சொல்ல முடியாதாம். அத்தானுக்கும் விளக்கினாராம். பதினைந்து வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்த அத்தான், ஆங்கிலம் எதைக் கேட்டாலும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிடுவார்.

அக்கா தன் கம்பளிச் சால்வையை மடித்து என்னிடம் தந்தார், ராசன் அண்ணைக்குக் குளிருமென்று. ஜெர்மனியில் அத்தானோடு ஒரே அறையில் இருந்தவர் அவர். கிங்ஸ்பரிப் பக்கம் இன்னோர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், திங்கட்கிழமை இருதய வால்வு ஒப்பரேஷன். அத்தான் தினமும் அக்காவின் கட்டிலடியிலிருந்து நேரே அங்கே போய், காலைப் பிடித்துவிட்டு, சோறு ஊட்டிவிட்டு வருகிறார். பதினாறு மைல் தள்ளி இருந்தாலும், ஒரே ஓட்டத்தில் இரண்டு பேரையும் பார்ப்பதுதான் நம்மவர்களின் கணக்கு.

காரில் ஏறியதும் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றரை மணித்தியாலம் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். சால்வையைக் காரிலேயே விட்டுவிட்டு, வார்ட் வாசலில் நின்று பொறுப்புத் தாதியைக் கூப்பிட்டுச் சொன்னோம். ராசன் அண்ணைக்கு இங்கே வேறு சொந்தமில்லை, அத்தானின் பெயரைத்தான் கொடுத்திருந்தார். அதனால் தாதி மறைக்கவில்லை. ஒப்பரேஷனுக்கு முந்திய பரிசோதனை முடிவு அன்று காலைதான் வந்ததாம். அவரிடமும் அதே கிருமி. மருந்து போட்டுக் குளிக்க வார்த்து, மூக்குக்குள் பூசி, திரும்பச் சோதித்த பிறகுதான் வெட்டுவார்களாம். அதுவரை இருதயம் தாங்குமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

கார் பார்க்கில் அத்தான் கேட்டார்: "தம்பி, நான்தான் கொண்டுவந்து குடுத்தனானோ?"

"தெரியாது அத்தான். ஆஸ்பத்திரிக்குள்ளையும் தொற்றும்."

"என்ரை கையாலதானே ஊட்டினனான்."

அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆகவே, போகிறவர்களுக்கு: ஒரு நாளில் ஓர் ஆஸ்பத்திரி போதும். நோயாளியின் கட்டிலில் உட்கார வேண்டாம். போகுமுன்னும் வந்தபின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தாதி சொல்வது விளங்காவிட்டால் விளங்கும்வரை கேளுங்கள், வெட்கமில்லை. பார்க்கிங்குக்குச் சில்லறையும் கொண்டுபோங்கள்.

கையைக் கழுவிவிட்டு உள்ளே வரலாம் என்றுதான் ராசன் அண்ணையின் வார்ட் தாதி சொன்னார். அத்தான் கேட்கவில்லை. மறுநாளும் பதினாறு மைல் ஓடி, கார் பார்க்கில் நின்றபடி ராசன் அண்ணையின் கட்டிலடிப் போனுக்கு எடுத்தார். மேலே வாவன் என்று அவர் கூப்பிட்டது எனக்கும் கேட்டது.

"ஏலாது மச்சான். ஜன்னலடிக்கு வா, கீழ நிக்கிறன்."

இரண்டாம் மாடியில் ஒரு திரை விலகியது. அங்கிருந்து ஒரு கை அசைந்தது. அத்தான் போனை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.